சங்கு ஊதாத பிற்பகல்

எனக்குப் பிறகு தொழிற்சாலையில் மின்சார வேலைக்கு வந்திருக்கும் மோகன், புதுக் கணினி வந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்று போன மாதம் கூப்பிட்டான். போனேன். பொத்தானை அழுத்தியதும் திரையில் ஒரு படம் வந்தது. படத்துக்கு நடுவில் சின்ன வட்டம் ஒன்று சுற்றியது. அவ்வளவுதான், திறந்துகொண்டது. எழுத்து எங்கே என்று கேட்டேன். எந்த எழுத்து என்று அவன் திருப்பிக் கேட்டான்.

இயந்திரம் எழும்பும்போது கறுப்புத் திரையில் வெள்ளை வெள்ளையாக ஓடுமே, அந்த எழுத்து. கோப்புகள் இருக்கும் வட்டைச் சோதிக்கிறேன், சுத்தமாக இருக்கிறது, அல்லது இல்லை, இவ்வளவு வீதம் முடிந்தது என்று சொல்லுமே, அது. இப்போது அதையெல்லாம் படத்துக்குப் பின்னால் மறைத்துவிட்டார்களாம். பார்க்கிறவர்கள் பயப்படக் கூடாதென்று அப்படிச் செய்கிறார்களாம். எனக்கு அதைக் கேட்ட பிறகுதான் பயம் வந்தது. உள்ளே என்ன நடக்கிறதென்று காட்டாத ஒன்றை எப்படி நம்பி இருப்பது?

"மாமா, நீங்க வேலைய விட்டாச்சி. வேலதான் ஒங்கள விடல" என்று மோகன் சிரித்தான். அவனுக்கு விளக்கிச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் எனக்கே முன்னுக்குப் பின்னாகப் போய்விட்டது. எழுதிக் கொடுத்தால் ஆறுதலாகப் படித்துக்கொள்கிறேன் என்றான். அதனால் எழுதுகிறேன். எழுதும்போதும் முன்னுக்குப் பின்னாகப் போகலாம், பொறுத்துக்கொள்ளட்டும்.

எங்கள் தேயிலைத் தோட்டம் வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து மேலே ஏறும் பாதையில் இருக்கிறது. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். அப்பா நோயில் படுத்துவிட்டார், வேறு காரணம் இல்லை. மலையில் புல்லு வெட்டினேன். பிறகு தொழிற்சாலையில் கொழுந்து சுமந்தேன். பிறகு அங்கிருந்த எலக்ட்ரீசியனுக்குச் சாமான் எடுத்துக் கொடுத்து, அவர் போனதும் அந்த இடத்தில் நின்றேன். ரோலர் மோட்டார், டிரையர் மோட்டார், காற்றாடி மோட்டார் என்றே காலம் போனது. ஒரு மோட்டார் நன்றாக ஓடினாலும் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பேன். பார்த்துவிட்டுப் போனவன், சரியாகத்தான் பார்த்தோமா என்று திரும்பி வருவேன். "ஒங்களுக்கு ஒண்ணு நல்லா இருந்தாலும் பயம், ஏன் நல்லா இருக்குன்னு" என்பாள் என் மனைவி லெட்சுமி.

நாங்கள் இருப்பது மேல் லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒட்டியிருக்கும் அறைகளில் கடைசிக் காம்பரா. லயத்துக்குப் பின்னால் மலை. ஒரு மழைக்காலத்தில் அந்த மலையில் நீளமாக வெடிப்பு விட்டது. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், அளந்தார்கள், இந்த இடம் ஆபத்து என்றார்கள். வேறு இடத்தில் வீடு கட்டித் தருவோம், அதுவரைக்கும் ஒரு சங்கு வைக்கிறோம் என்றார்கள். வீடு வரவில்லை, சங்கு வந்தது.

சங்கு என்றால் அதற்குப் பின்னால் பல சாமான்கள். மழையை அளக்க ஒரு கருவி. மண் நகர்கிறதா என்று பார்க்க வெடிப்பின் மேல் இரண்டு கம்பிகள். அவை அனுப்பும் கணக்கையெல்லாம் ஒரு கணினி வாங்கி, எல்லை தாண்டினால் மேல் லயத்துக் கம்பத்தில் இருக்கும் சங்கை ஊதவைக்கும். கணினியை வைக்கக் கரண்டு ஒழுங்காக உள்ள இடம் தொழிற்சாலைதான் என்று, என் சுவிட்சு அறைக்குப் பக்கத்துச் சின்ன அறையில் வைத்தார்கள். லினக்ஸ் என்ற அமைப்பில் ஓடுவது. அறை உன் பக்கம்தானே இருக்கிறது, நீயே பார்த்துக்கொள் என்று தோட்டத்தை நடத்தும் தொரை சொல்லிவிட்டார். என் குடும்பமும் அந்த மலைக்குக் கீழேதான் என்பது அவருக்கு நினைவிருந்ததோ என்னவோ.

பழக்கிக் கொடுக்க, சங்கு வைத்தவர்களின் ஹட்டன் அலுவலகத்தில் இருந்து தர்ஷினி மிஸ் வந்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, என் வயதில் பாதி. அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. கணினிக்கு முன்னால் உட்கார்ந்தால் முதலில் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள்வார். என்னையும் அப்படி வைக்கச் சொல்வார். திரையில் இருப்பதை முழுக்க வாசித்து முடிக்கும்வரை விரல் மேலே வரக் கூடாது.

எனக்கு இங்கிலீஷ் தெரியாதே மிஸ் என்றேன்.

"எழுத்துத் தெரியும்தானே ஐயா? எழுத்தைச் சொல்லுங்கோ. சொல்லை நான் சொல்லுறன்."

அப்படித்தான் படித்தேன். ஒவ்வொரு எழுத்தாக நான் சொல்ல, அவர் அதைச் சொல்லாக்கி, அர்த்தம் சொல்லி, பிறகு மறுபடி என்னையே சொல்ல வைப்பார். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அவசரப்பட்டும் பார்த்ததில்லை. எனக்கோ உள்ளுக்குள் எறும்பு ஊரும். மலை நம் தலைக்கு மேல் நிற்கிறது, இந்தப் பிள்ளை ஆறுதலாக எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கிறதே என்று இருக்கும். ஆனால் வெளியே சொன்னதில்லை.

எழும்பும்போது நடக்கும் அந்தச் சோதனை என்ன என்பதை அவர் சொல்லித்தான் விளங்கிக்கொண்டேன். வட்டில் ஆயிரக்கணக்கான கோப்புகள் இருக்கின்றன. எந்தக் கோப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று அந்த வட்டிலேயே ஒரு பதிவும் இருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்டு போனால் பதிவு ஒன்று சொல்லும், இடம் வேறொன்று சொல்லும். அதனால் அடுத்த முறை எழும்பும்போது, வேலையைத் தொடங்குமுன் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. முதலில் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாகப் பார்க்கும். பிறகு அவை கிடக்கும் அடுக்குகளைப் பார்க்கும். பிறகு ஒவ்வொன்றையும் போய்த் தொட வழி இருக்கிறதா என்று பார்க்கும். பேர் தொலைந்த துண்டு ஏதாவது கிடைத்தால் அதைத் தனியாக ஓர் இடத்தில் போட்டு வைக்கும். சின்னப் பிழை என்றால் தானே திருத்திக்கொண்டு போய்விடும். பெரிய பிழை என்றால் நின்றுவிடும். நீயே வந்து பார் என்று சொல்லும். அப்போதும் உடனே திருத்தச் சொல்லக் கூடாது. முதலில் திருத்தாமல் பார்க்க மட்டும் சொல்ல வேண்டும். அதற்குக் கட்டளையோடு ஓர் எழுத்துச் சேர்க்க வேண்டும். பார்த்த பிறகுதான் 'திருத்து' என்பது. அதுவும் வட்டு வேலை செய்துகொண்டிருக்கும்போது செய்யவே கூடாது. இதை மட்டும் எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஓடுகிற ரோலரில் கை விடக் கூடாதென்று எனக்குத் தெரியும்.

மிஸ் போனபிறகு வந்த முதல் தொல்லை, சோதனை ஓயாமல் வந்ததுதான். அதைச் சொல்ல எங்கள் தொழிற்சாலைப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கம் இடி என்றால் லேசான இடி இல்லை. முந்தி ஒரு காலத்தில் மின்னல் இறங்கி டிரையர் மோட்டார் எரிந்து, பக்கத்தில் நின்றவருக்குக் கை போயிருக்கிறது. அன்றிலிருந்து இடிச் சத்தம் கிட்டக் கேட்டால் மெயின் சுவிட்சை இறக்கிவிடுவது என்பது இங்கே சட்டம் மாதிரி. யார் மெயினுக்குக் கிட்ட நிற்கிறாரோ அவர் இறக்குவார். யாரையும் கேட்க வேண்டியதில்லை. பெரும்பாலும் காவல் வேலை பார்த்த குணபால இறக்குவான். தமிழும் சிங்களமும் கலந்து பேசும் நல்ல மனுசன். இந்தப் பழக்கத்தை விடு என்று அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கை போனவரின் மச்சான் அவன். ஆகவே ஓர் ஏற்பாடு செய்தோம். இறக்குமுன் எனக்குக் குரல் கொடுக்க வேண்டும், நான் கணினியை முறைப்படி மூடிவிட்டுச் சரி என்பேன், பிறகு இறக்குவான். இடி தள்ளிப் போனதும் மறுபடி ஏற்றுவான்.

முறைப்படித்தான் மூடினேன். ஆனாலும் ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் அந்தச் சோதனை முழுக்க ஓடிற்று. முதலாம் நாள் பரவாயில்லை என்றிருந்தேன். பிறகு தூக்கம் போய்விட்டது. நான்தான் பிழையாக மூடுகிறேனோ? மூடும்போது ஏதோ ஓர் எழுத்தைத் தவற விடுகிறேனோ? அது பழைய இயந்திரம், அப்படித்தான் என்றார் தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர். பழசு என்பது ஒரு காரணமா?

தொழிற்சாலையில் போன் எடுபடுவது ஓரிடத்தில்தான், கொழுந்து வாட்டும் மேல்மாடியின் கிழக்கு ஜன்னல். அங்கே ஏறி மிஸ்ஸைக் கூப்பிட்டுச் சொன்னேன். பிழை என்ன என்று அவர் சொல்லவில்லை. "திரையின்ர மூலையில என்ன திகதி நிக்குது எண்டு பாத்துச் சொல்லுங்கோ" என்றார். இறங்கிப் போய்ப் பார்த்தேன். என் மகளுக்குக் கல்யாணமாகாத காலத்துத் திகதி ஒன்று நின்றது. மேலே ஓடி வந்து சொன்னேன்.

கணினிக்குள் காசு மாதிரி வட்டமாக ஒரு சின்ன பாட்டரி இருக்கிறது. கரண்டு இல்லாத நேரத்தில் மணிக்கூட்டை ஓட வைப்பது அதுதான். அது செத்துப்போயிருந்தது. மெயினை இறக்கியதும் கணினி காலத்தை மறந்துவிடுகிறது. எழும்பும்போது பார்த்தால், வட்டைக் கடைசியாகத் திறந்த திகதி இன்னும் வராத ஒரு நாளாக இருக்கிறது. வராத நாளில் எப்படித் திறந்தாய் என்று அதற்குச் சந்தேகம். அதனால் முழுச் சோதனை. தலவாக்கலையில் ஒரு பாட்டரி வாங்கிப் போட்டேன். அன்றோடு நின்றது. அந்தச் சந்தோசத்தில் மூன்று நாள் நான் யாரையும் கடிந்துகொள்ளவில்லை என்று லெட்சுமி சொல்லித் திரிந்தாள்.

இப்போது நினைத்தால் ஒன்று உறுத்துகிறது. சோதனை ஏன் வருகிறது என்று அவ்வளவு பாடுபட்டு யோசித்தோம். அது ஓடும் நேரமெல்லாம் சங்குக்குப் பின்னால் யாரும் இல்லை என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. இடி இடிக்கும் நேரமாகப் பார்த்து நிறுத்தி வைக்கிறோமே என்றும் யோசிக்கவில்லை. கொஞ்ச நேரம்தானே என்றிருந்தோம்.

பிறகு அந்த ஐப்பசி வந்தது.

ஐந்தாறு நாளாக மழை விடவில்லை. அன்று மத்தியானத்துக்கு முன்பே கொழுந்து எடுப்பதை நிறுத்தி, ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சாப்பிட்டு வந்து உட்கார்ந்தேன். கிரேட் வெஸ்டர்ன் மலைப் பக்கம் இடி கேட்டது. குணபால குரல் கொடுத்தான், மூடினேன், இறக்கினான். இடி தள்ளிப் போனதும் ஏற்றினான். சுத்தம் என்று வந்தது. கணினி வேலையைத் தொடங்கியதையும் பார்த்துவிட்டுத்தான் மூச்சு விட்டேன்.

அடுத்த இடி தூரத்தில் தொடங்கி வரவில்லை. நேரே தலைக்கு மேல் விழுந்தது. தகரக் கூரையில் மழை அடித்த அடியில் எனக்கு வேறெதுவும் கேட்கவில்லை. குணபால இரண்டு தடவை கத்தினானாம்; நான் பதில் சொன்னதாகவே அவனுக்குக் கேட்டதாம். லைட் போனது. கரண்டு போனால் கணினியைக் கொஞ்சம் தாங்கவென்று வைத்திருந்த பழைய பாட்டரிப் பெட்டி ஒரு விசில் அடித்தது, அதோடு அதுவும் போனது.

மறுபடி ஏற்றியபோது சோதனை தொடங்கியது. கொஞ்சத் தூரம் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது, பிறகு நின்றே விட்டது. கையை மடியில் வைத்துக்கொண்டு வாசித்தேன். எதிர்பாராத முரண்பாடு இருக்கிறது, சோதனையைக் கையால் நடத்து என்பதுதான் அந்த வரி. மிஸ்ஸோடு எழுத்துக் கூட்டிப் பழகிய வரி. பார்க்க மட்டும் சொல்லி ஓட விட்டேன். திரை நிறையப் பிழைகள் ஓடின. போன் எடுத்துக்கொண்டு மேல்மாடிக்கு ஓடினேன்.

மிஸ் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "ஐ எண்ட எழுத்து, ஒரு சாய்ஞ்ச கோடு, ஓ எண்ட எழுத்து. அதுக்குப் பிறகு எரர் எண்டு எங்கேயும் கிடக்கோ?" என்றார்.

அதை நான் கவனிக்கவில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தேன். கிடந்தது. ஓரிடத்தில் இல்லை, பல இடத்தில். ஏறி வந்து சொன்னேன். அவர் கரண்டை நிறுத்தி, வட்டுக்குப் போகும் கேபிளை இரண்டு பக்கமும் கழற்றி இறுக்கி மாட்டிவிட்டு மறுபடி பார்க்கச் சொன்னார். இறங்கினேன், செய்தேன். சரியாக மாட்டினோமா என்ற சந்தேகத்தில் ஒரு பக்கத்தை இரண்டாம் முறையும் கழற்றி மாட்டினேன். அதே எழுத்து. ஏறினேன். படிக்கட்டில் மூச்சு வாங்கியதில், நான் சொன்னது அவருக்கு விளங்கத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

"அப்ப அது கோப்பின்ர பிழை இல்லை ஐயா. வட்டே போகுது. இனித் தொடாதேங்கோ. திருத்தச் சொன்னா மிஞ்சி இருக்கிறதையும் அழிச்சுப்போடும். நிப்பாட்டி வையுங்கோ, நான் வேற வட்டோட வாறன்."

எப்போது என்று கேட்டேன். ரோட்டில் மண் சரிந்து பாதை மூடியிருக்கிறது, நாளைக் காலையில்தான் என்றார்.

"அப்ப சங்கு, மிஸ்?"

"இண்டைக்கு ஊதாது."

மேலிடத்துக்கு உடனே சொல்கிறேன் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே லைன் அறுந்தது. மறுபடி எடுபடவில்லை.

ஜன்னலில் நின்றபடி மேல் லயத்தைப் பார்த்தேன். மழைக்குள்ளால் எல்லாக் குசினியிலும் புகை தெரிந்தது. நேரத்தோடு வீட்டுக்கு வந்தவர்கள் ரொட்டி சுடுகிறார்கள். நிம்மதியாக இருக்கிறார்கள். ஏன் நிம்மதி? சங்கு ஊதவில்லை. சங்கு வருவதற்கு முன் இந்த மாதிரி மழையில் பெண்டுகள் மாறி மாறிப் போய்ப் மலையிலிருந்து பீலிக் குழாயில் வடியும் தண்ணியைப் பார்ப்பார்கள். தண்ணி செம்மண்ணாக வந்தால் யாரும் சொல்லாமலே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு இறங்கிவிடுவார்கள். சங்கு வந்தபிறகு பீலியை யார் பார்க்கிறார்கள்? ஊதினால் ஓடுவோம், ஊதாவிட்டால் ஒன்றுமில்லை. அவர்களை அப்படி நம்ப வைத்த பெட்டி இங்கே என் காலடியில் செத்துக் கிடக்கிறது.

கையால் ஊத முடியாதா என்று மோகன் கேட்பான். முதலில் கம்பத்தில் அதற்கொரு பட்டன் இருந்தது. ஒரு தீபாவளியன்று யாரோ சந்தோசம் மிஞ்சி அதை அழுத்திவிட, லயமே புதுத்துணியோடு பள்ளிக்கூடத்தில் போய் நின்றது. அதன்பிறகு பட்டனைக் கழற்றிவிட்டுப் பெட்டியைப் பூட்டி, சாவியை அதிகாரிகள் கொண்டுபோய்விட்டார்கள்.

தொரை பங்களாவுக்குப் போய் உத்தரவு கேட்டு வரவேண்டும் என்றுதான் கால் முதலில் போனது. பாதி வழியில் திரும்பி நேரே லயத்துக்கு ஏறினேன்.

முதலில் பார்த்தது புஷ்பத்தை. கொழுந்து எடுக்கும் பெண்டுகளுக்கு மூப்பு மாதிரி. அவள் ஒரு சொல் சொன்னால் லயத்தில் எடுபடும். வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"என்னண்ணே, இப்பிடி நனஞ்சிக்கிட்டு?"

"எல்லாரும் ஸ்கூலுக்கு எறங்குங்க."

"சங்கு ஊதலயே."

"ஊதாது. கம்பியூட்டர் படுத்திருச்சி."

அடுத்த காம்பராவில் இருந்து ஆண்குரல் ஒன்று, கம்பியூட்டருக்குக் காய்ச்சல் என்றால் அதற்குக் கசாயம் கொடு, நாங்கள் ஏன் மழையில் போக வேண்டும் என்றது. சிரித்தார்கள். எனக்கு அது புதிதில்லை. தகரம் ஆடினால் பயப்படுகிறவன் என்று லயம் முழுக்க எனக்குப் பேர். சத்தம் கேட்டு லெட்சுமி வந்தாள். அவளாவது எனக்காகப் பேசுவாள் என்று பார்த்தேன். "ஒங்க பயத்துல எது நெசப் பயம், எது சும்மா பயம்னு நான் எப்பிடிங்க கண்டுபிடிக்கிறது?" என்றாள். நியாயமான கேள்விதான்.

புஷ்பம் மட்டும் துருவுவதை நிறுத்தியிருந்தாள். "மல வருதா?" என்றாள்.

"தெரியல."

"வரலயா?"

"அதுவும் தெரியல புஷ்பம். பாக்குறதுக்குன்னு ஒண்ண வச்சிருந்தோம். அது பாக்காம கெடக்கு."

"எப்பல இருந்து?"

"சாப்பாட்டுக்குப் பெறகு."

அவள் மலையைத் திரும்பிப் பார்த்தாள். மேகம் இறங்கியிருந்தது, பார்க்க ஒன்றும் இல்லை.

"அது ஊதுனா ஓடணும்னு கூட்டம் வச்சிச் சொன்னீங்க. செத்துப்போனா என்ன செய்யணும்னு சொன்னீங்களா? சாப்பாட்டுல இருந்து நாங்க எத நம்பி உக்காந்திருந்தோம்?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அடுப்பை அணைக்கச் சொல்லி உள்ளே பார்த்துக் கத்தினாள். ரொட்டியைச் சுட்டவரைக்கும் துணியில் கட்டிக்கொண்டு, இஸ்தோப்பு நெடுகப் போய் ஒவ்வொரு கதவையும் தட்டினாள். கசாயம் கொடுக்கச் சொன்னவர் முணுமுணுத்துக்கொண்டு தன் அம்மாவை முதுகில் தூக்கினார். எல்லோரும் இறங்கினோம்.

மலை வரவில்லை.

மறுநாள் விடிந்தபோது லயம் இருந்தபடியே இருந்தது. பள்ளிக்கூடத் தரையில் படுத்ததில் பிள்ளைகளுக்குச் சளி. நாய் ஒன்று புஷ்பம் துருவி வைத்த தேங்காய்ப் பூவைத் தின்றிருந்தது. என்னைக் கம்பியூட்டர் டாக்டர் என்று கூப்பிடத் தொடங்கினார்கள். டாக்டர் இன்றைக்கு மழைக்கு என்ன சொல்கிறார் என்று காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடும் பெரட்டில் வைத்தே கேட்பார்கள். சிரித்துக்கொள்வேன். உள்ளுக்குள் வேறொன்று அரித்தது. அடுத்த தடவை நான் சொன்னால் இவர்கள் வருவார்களா?

பாதை திறந்ததும் மிஸ் வந்தார். பழைய வட்டை அவர் திருத்தவில்லை. புது வட்டு ஒன்றில் அதை அப்படியே பிரதி எடுத்தார். வாசிக்க முடியாத இடத்தைத் தாண்டித் தாண்டி, வாசிக்க முடிந்ததை எல்லாம் முதலில் எடுப்பது. பழைய வட்டைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பிரதியில் சோதனையை ஓட்டினார். முதலில் பார்க்க மட்டும். பிறகு தன் கையை மடியில் வைத்துக்கொண்டு, 'ஆம்' என்பதை என்னையே அழுத்தச் சொன்னார். ஒவ்வொரு கட்டமாக முடிந்தது. பேர் தொலைந்த துண்டுகள் நிறையச் சேர்ந்தன. கணினி எழும்பியது.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். அந்தப் பிற்பகலின் கணக்கு. மழை எல்லையைத் தாண்டியதா, கம்பி நகர்ந்ததா, சங்கு ஊதியிருக்குமா? மிஸ் தேடினார். துண்டுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். சாப்பாட்டு நேரம்வரைக்கும் எண்கள் இருந்தன. பிறகு எதுவும் இல்லை. மலையில் இருக்கும் கருவிகள் அனுப்புமே தவிர, எதையும் தம்மிடம் வைத்துக்கொள்வதில்லை. லயத்தாட்களை நான் சும்மா ஓட வைத்தேனா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை.

அன்று பின்னேரம் மிஸ்ஸை லயத்துக்குக் கூட்டிப் போனேன். புஷ்பம் என்னிடம் கேட்டதையே அவரிடமும் கேட்டாள், செத்துப்போனா எங்களுக்கு எப்படித் தெரியும் என்று. மிஸ் சாக்குப்போக்குச் சொல்லவில்லை. அதை நாங்கள் ஒருவரும் யோசிக்கேல்ல அக்கா என்றார்.

"பெரட்டுல என்னா செய்றோம்?" என்றாள் புஷ்பம். "வந்தவ பேரு குடுக்குறா. சத்தம் வராட்டி, அவளுக்கு என்னாச்சின்னு ஆள் அனுப்புறோம். அந்தப் பொட்டிய மட்டும் ஏன் சும்மா இருக்க விட்டிருக்கீங்க? உசுரோட இருந்தா அதும் பேரு குடுக்கட்டும்."

மிஸ் அங்கேயே போன் எடுத்துத் தன் அலுவலகத்தோடு பேசத் தொடங்கினார். உத்தரவு வரச் சில கிழமை ஆனது. அதன்பிறகு மணிக்கொரு தடவை, பகலில், சங்கு சின்னதாக ஒரு சத்தம் கொடுத்தது. இரவில் சங்குக்குப் பதில் கம்பத்தில் பச்சை லைட் ஒன்று விட்டு விட்டு எரிந்தது. சத்தமும் வராமல் லைட்டும் எரியாமல் போனால், மழை நாளில் யாரையும் கேட்காமல் இறங்க வேண்டும். கணினிக்குத் தனி லைனும் நல்ல பாட்டரியும் வந்தன. குணபால மெயினை இறக்கினாலும் அது தொடர்ந்து ஓடும். முதல் மாதம் அந்தச் சத்தத்தை எல்லோரும் திட்டினார்கள், கைப்பிள்ளை தூங்க முடியவில்லை என்று. பிறகு அதைக் கேட்டு அடுப்பு மூட்டப் பழகிக்கொண்டார்கள்.

மோகனுக்குச் சொல்ல வேண்டிய இன்னொன்று இருக்கிறது. இது நான் வேலையை விட்ட பிறகு வந்த மழைக்காலத்தில் நடந்தது. வீடு அப்போதும் வரவில்லை, இப்போதும் வரவில்லை. பின்னேரம் காம்பராவில் இருந்தேன். வெளியே நல்ல மழை. அந்த மணிக்குரிய சங்குச் சத்தம் வர வேண்டிய நேரம் கடந்துகொண்டிருந்தது. நான் கணக்குப் போட்டேன். காற்றில் அடிபட்டுக் கேட்காமல் போயிருக்கலாம். என் காது மந்தமாகியிருக்கலாம். கணினி ஏதோ காரணத்தால் நின்று மறுபடி எழும்பி, சோதனை ஓடிக்கொண்டிருக்கலாம். அப்படியென்றால் இன்னும் கொஞ்சத்தில் வந்துவிடும். மோகனைக் கூப்பிட்டுக் கேட்போமா என்று போனைத் தேடினேன்.

லெட்சுமி வாசலில் நின்றாள், தலையில் சாக்குப் போட்டுக்கொண்டு, கையில் பையோடு. "என்னா யோசன? எல்லாரும் போயாச்சி."

வெளியே வந்து பார்த்தேன். லயம் காலியாக இருந்தது. கீழே பாதையில் குடைகளும் சாக்குகளுமாகப் பள்ளிக்கூடத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் கூப்பிட்டுச் சொல்லவில்லை, யாரும் கதவு தட்டவில்லை. சத்தம் வரவில்லை, அதனால் போகிறார்கள். கடைசியாக இறங்கியவன் நான்தான்.

பள்ளிக்கூட மண்டபத்தில் உட்கார்ந்திருந்தோம். தொழிற்சாலை மேல்மாடி ஜன்னலில் ஏறி நின்று மோகன் என் போனுக்குப் பேசினான். வெறும் சோதனைதான் மாமா, சின்னப் பிழை, தானே திருத்திக்கொண்டது, எழும்பத் தொடங்கிவிட்டது என்றான். அவன் சொல்லி வாய் மூடவில்லை, மேலே இருந்து சங்கு சின்னதாகச் சத்தம் கொடுத்தது. எல்லோரும் கேட்டார்கள். ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை. நான் நிம்மதியாக எழுந்து வேட்டியைத் தட்டினேன்.

"எங்கண்ணே கெளம்பிட்டீங்க?" என்றாள் புஷ்பம். சுவரில் சாய்ந்தபடி இருந்தாள், எழுந்திருக்கவில்லை. "இப்பதான எந்திரிச்சிருக்கு. அடுத்த மணிக்கும் பேரு குடுக்குதான்னு பாத்துட்டுப் போவோம்."

யாருமே அசையவில்லை. நான் மறுபடி உட்கார்ந்துகொண்டேன்.